வேடசந்தூருக்குப் பக்கத்தில் ரஷ்யா

1992, மார்ச். காலை எட்டு பத்துக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து வேடசந்தூர் வண்டி கிளம்பியது. கட்டணம் இரண்டே முக்கால் ரூபாய். சென்னையில் ஒரு நூல் ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. ஒரு மில்லில் தேங்கிக் கிடக்கும் நூலைப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். ஊர் சுற்றச் சொன்னால் சம்பளம் கேட்காமலே கிளம்புகிற ஆள் நான்.

மில்லுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று முன் இருக்கைப் பெண்ணிடம் கேட்டேன்.

"என்கூடவே எறங்குங்கண்ணே. நானும் அங்கனதான் போறேன். ரஷ்யாவுல வேலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெயர் சகாயமேரி. பதினோரு வருடமாக ரஷ்யாவில்தானாம். சோவியத் ஆர்டருக்கென்றே நூற்கிற கிழக்குக் கொட்டகைக்கு மில்லில் அப்படிப் பெயர் என்பது பிறகுதான் விளங்கியது. நிஜ சோவியத் நாடு டிசம்பரிலேயே கலைந்துபோயிருந்தது.

"ரஷ்யாவ மூடப் போறாகளாமே, நெசமாண்ணே? மூடுனா எனக்குப் போக்கிடம் இல்ல. புது மில்லுகள்ல கல்யாணம் ஆகாத பிள்ளைகளத்தான் எடுக்குறாக."

"தெரியலைம்மா" என்றேன். அப்போது உண்மையாகவே தெரியாது.

ஒன்பதரை மணி. கொட்டகைக்குள் காதை அடைக்கும் இரைச்சல். வேலை நடக்கிறது என்றே நினைத்தேன். கிட்டப் போனால், நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் வெறுமனே சுழல்கின்றன. பஞ்சு இல்லை, இழை இல்லை. முப்பது பெண்கள் வரிசைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். திடீரென்று ஒருத்தியின் கை நீள்கிறது. அறுந்த இழையை ஒட்டுவதுபோல் வெறுங்காற்றைத் திருகிவிட்டு மேலே நடக்கிறாள்.

"நிப்பாட்டுனா துருப் புடிச்சிரும் சார்" என்றார் மேலாளர். "வேணாம்னு அங்கருந்து ஒரு லெட்டர் வரல. வேணும்னும் வரல. யாரு போடுவா? அந்த ஆபீஸே இப்ப இல்லையே."

கிடங்கில் தேங்கிக் கிடந்த நூல் நன்றாகத்தான் இருந்தது, கேட்கத்தான் நாடில்லை. திங்கட்கிழமை கொட்டகையை மூடுவதென்று மேலாளர் முடிவு செய்துவிட்டார். அதைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார். வெளியூர்க்காரர் சொன்னால் சண்டை வராதாம்.

நான்கு மணிக்கு, வேலை முடிந்து வாசலுக்கு வந்தவர்களிடம் சொன்னேன்.

"யாருண்ணே மூடச் சொன்னது?" என்றார் சகாயமேரி.

மாஸ்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. "இனிமே எல்லாம் சந்தைதாம்மா. சந்தை சொல்றபடிதான்."

"எந்தச் சந்தை? அய்யலூர்ச் சந்தையா?" அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். "அங்கன ஒரு ஆட்டுக்குக்கூட, துண்டப் போட்டு மூடி, வெரலப் புடிச்சுத்தான வெலை பேசுவாக? எங்களுக்கு யாரு வெரலப் புடிச்சா?"

கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். முப்பது பேரும் என் கையையே பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சாலைக்கு நடந்தேன்.

திண்டுக்கல் வண்டியில் நடத்துநர் சீட்டுக்குக் காசு கேட்டபோதுதான் கையை வெளியே எடுத்தேன்.