விஜயா அக்காவின் ஆறு கிலோ

அடுத்தவங்க வயித்துல அடிச்சுப் பிழைக்கிற தொழில்னா அது என்னோடதுதான். கள்ளக்குறிச்சியில ஒரு கிளினிக்ல டயட் ஆலோசகரா இருக்கேன். என் எடை எழுபத்தெட்டு கிலோ. எடை மெஷின்ல ஏறும்போது மூச்சை உள்ள இழுத்துக்கிற ஆளா நீங்க? வாங்க, நம்ம கட்சிதான்.

சீட்டு

விஜயா அக்கா கச்சிராயபாளையம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. குடலிறக்கம். சோத்து அண்டாவை இறக்கும்போதெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கினு உட்கார்ந்துடுவாங்களாம். ஆறு கிலோ குறைச்சாதான் ஆப்பரேசன்னு டாக்டர் சொல்லிட்டார். அண்டா தூக்க முடியலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு அவங்களுக்கு ஒரே கவலை.

காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சாதம்னு எழுதிக் குடுத்தேன். சீட்டைப் பார்த்தாங்க, அப்புறம் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"உங்களுக்கு யாருங்க மேடம் எழுதிக் குடுக்கறது?"

டப்பி

சாப்பாடு குறைஞ்சா குடல்ல வாழற கிருமிங்களும் மாறுதான்னு டாக்டர் ஒரு ஆராய்ச்சி பண்றார். அதுக்கு ஆரம்பத்துல ஒரு தடவை, மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை டப்பியில மலம் கொண்டாரணும். அக்கா டப்பியை நீட்டினாங்க. லேபிள்ல எழுத, எத்தனை மணிக்குப் போனீங்கன்னு கேட்டேன். "அவரு ஆறு மணிக்கே போயிட்டாருங்க"ன்னாங்க. வூட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு ஏத்தறவர், ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். டப்பியில இருந்தது அவரோடது. ஏன்க்கா இப்படின்னு தலையில கை வச்சேன்.

"செக்கிங்குக்கு ஆபீசர் வந்தா, இருக்கறதுல நல்லதாதான மேடம் எடுத்து வைப்போம்?"

டூட்டி

ரெண்டு மாசத்துல நாலு கிலோ இறங்கி, அதோட நின்னுடுச்சு. என்ன சாப்பிட்டாங்கன்னு எழுதற நோட்டுல ஒரு குறையும் இல்ல. துருவித் துருவிக் கேட்டப்பதான் தெரிஞ்சது, புள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி தினம் ருசி பார்க்கணும்னு விதி இருக்காம். இவங்க சோறு, சாம்பார், முட்டைன்னு கரண்டி கரண்டியா பார்த்திருக்காங்க.

"ஆப்பரேசன் வேணுமா வேணாமா?"ன்னு கத்திட்டேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு மனசே ஆறல, ஏன்னா என் டிராயர்லயே பாதி தின்ன முறுக்குப் பொட்டலம் கிடந்தது. இனிமே எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் மட்டும்னு பேசி முடிச்சோம். கிளம்பும்போது மெதுவா சொன்னாங்க.

"டூட்டியப் போயி இன்னாத்துக்கு மேடம் சாப்பாட்டுல எழுதறது?"

சாவி

மூணாவது மாசக் கடைசி. இந்தத் தடவை டப்பி அவங்களோடதுதான், ரெண்டு தரம் கேட்டுக்கிட்டேன். செருப்பு, வளையல் கழட்டிட்டு மெஷின்ல ஏறினாங்க. ஆறு குறைய இன்னும் கால் கிலோ பாக்கி. இறங்கவே இல்ல, அந்த முள்ளையே பார்த்துக்கினு நின்னாங்க. அப்புறம் இடுப்புல செருகியிருந்த சமையல் ரூம் சாவிக் கொத்தை உருவினாங்க. அத்தனையும் பழைய இரும்புச் சாவி. வூட்டுல கூட அதை இடுப்பை விட்டு இறக்க மாட்டாங்களாம். மொத நாள் எடை பார்த்தப்பவும் அது அங்கதான் இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் முள்ளு அந்தக் கால் கிலோ இறங்கினதும் ஆறு குறைஞ்சதுன்னு எழுதிட்டேன். சாவியை என் கையில வச்சு விரலை மூடினாங்க.

"கெட்டியா புடிச்சிக்கோங்க மேடம், திரும்ப நான்தான் வாங்கிப்பேன்."

ஆப்பரேசன் நல்லா முடிஞ்சு அக்கா சாவியை வாங்கிட்டுப் போயிட்டாங்க, ஆனா என் எடை கூடினதுக்கு அந்தச் சாவிக் கொத்துதான் காரணம்னு நான் இன்னிக்கும் சொல்லிக்கினுதான் இருக்கேன்.