ஸ்பிரிட் வாடை

பினாங்கில் மருந்துக்கடைக் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்கு மருந்து கலக்கச் சொல்லித் தரவில்லை; லேபிள் ஒட்டச் சொல்லித் தந்தார். பிராந்திக் குப்பியின் காகிதத்தை ஊறவைத்து உரித்துவிட்டு, ‘இருமல் மருந்து, வேளைக்கு இரண்டு அவுன்ஸ்’ என்று எழுதி ஒட்ட வேண்டும்.

“யாருக்கு முதலாளி?”

“மதுவிலக்குச் சங்கத் தலைவருக்கு. நாள்பட்ட இருமல்.”

“அவரு இருமி நான் கேட்டதே இல்லியே?”

“பின்னே? மருந்து அவ்வளவு நல்லா வேலை செய்யுது லா!”

சிரித்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதில் பெருமை வேறு. நான்கு வருடம் வாரம் ஒரு குப்பி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தலைவர் கோயில் கமிட்டிக்கும் தலைவர். குடிப்பவன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் கிடையாது என்று விதி கொண்டுவந்தவர் அவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாரிமுத்து, மகள் கல்யாணத்தை மண்டபத்தில் நடத்துவதற்காகவே ஒரு வருடமாகக் கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் இருந்தார். அனுமதி கேட்டு ஞாயிறு காலை கமிட்டி முன்னால் வந்து நின்றார். நானும் அங்கே ஓர் உறுப்பினன்.

“என்னப்பா, வாடை அடிக்குது?” என்றார் ஒருவர்.

தலைவர் என்னைப் பார்த்தார். “மருந்துக்கடைத் தம்பி இருக்காரே. மோந்து பாத்துச் சொல்லுங்க தம்பி.”

“கம்பவுண்டரய்யாவுக்கே தெரியுமே” என்று மாரிமுத்து சிரித்தபடி நின்றார்.

கிட்டே போனேன். முந்தின நாள் அவர் தோள்வலிக்கு நான் கலந்து கொடுத்த தைலம்தான். கற்பூரமும் ஸ்பிரிட்டும். கோயிலில் கற்பூர வாடையை யார் கவனிப்பார்கள்? ஸ்பிரிட் மட்டும்தான் எல்லார் மூக்கிலும் ஏறியிருந்தது.

தலைவர் இருமினார். நான்கு வருடத்தில் அவர் இருமி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடையின் பெரிய வாடிக்கைக்காரர். என் வேலை அந்த இருமலில் இருந்தது.

“ஸ்பிரிட் வாடை இருக்கு” என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

“கேட்டீங்களா!” என்று தலைவர் மற்றவர்களைப் பார்த்தார்.

“ஐயோ, அது தைலங்க!” என்றார் மாரிமுத்து.

“குடிக்கிறவன் எல்லாருக்கும் ஒரு மருந்து சாக்கு இருக்கும்!” என்றார் தலைவர்.

மாரிமுத்து என் பக்கம் திரும்பினார். நான் என் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கல்யாணம் டத்தோ கிராமாட் பகுதியில் மாரிமுத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. போகாமல் இருப்பதற்கு நானும் ஒரு காய்ச்சலைத் தயார் செய்துகொண்டேன்.

மறுவாரம் மாரிமுத்து கடைக்கு வந்தார். குரலில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“தோளு இன்னும் வலிக்குது கம்பவுண்டரய்யா. வாடை இல்லாத தைலம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“இல்லீங்க” என்றேன். ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டி, பழைய தைலத்தையே கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாலேயே பொய் சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தலைவரை வேஷக்காரர் என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அந்த இருமல் மருந்து லேபிளில் இருந்தது யார் கையெழுத்து என்பதை மட்டும் சொன்னதில்லை.