டூட்டியிலேயே தனிமைப்படுத்தல்

கொரோனா இரண்டாம் அலையில் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு என் மேஜை போன் அடித்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"ஏனுங்க, துரைசாமிங்கறவர் உங்க கம்பெனிலதானுங்க வேலை செய்யறாரு? அவரு சம்சாரத்துக்கு பாசிட்டிவ்ங்க. பதினாலு நாளு அவரும் வெளிய வரக் கூடாது. ஊட்டுக்குப் போனா ஆளக் காணோமுங்க. எங்க போனாருன்னு தெரியுங்களா?"

எனக்குத் தெரியும். என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பம்புகளைச் சோதிக்கும் டெஸ்டிங் பே. துரைசாமி அங்கே ஒரு மோனோபிளாக் பம்பைத் தொட்டியோடு இணைத்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்றேன். பர்சனல் டிபார்ட்மென்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியம் யோசிக்காமலே வரும்.

கோவையில் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. போன வருஷம் ரிட்டையர் ஆகும்வரை அங்கே நான்தான் பர்சனல் ஆபீசர். இப்போது அந்த வேலைக்கு எச்.ஆர். என்று பெயர். அதில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் சர்க்குலர்

அந்தச் சமயத்தில் கொரோனா சர்க்குலர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நான்தான். பத்து ஷரத்துகள், கீழே என் கையெழுத்து. கேட்டில் செக்யூரிட்டி கையில் டெம்பரேச்சர் பார்க்கும் துப்பாக்கி. அது நூற்று நாற்பது பேருக்கும் தினமும் தொண்ணூற்று நாலு காட்டியது. "பேட்டரி டல்லாயிருச்சுங்க மேடம்" என்று செக்யூரிட்டி இரண்டு முறை சொன்னார். கம்பெனியில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று எம்.டி.க்கு வாரா வாரம் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

துரைசாமியை வெளியே மரத்தடிக்குக் கூப்பிட்டுப் பேசினேன்.

"என்னங்க துரைசாமி, ஊட்டுல அம்மணிக்கு பாசிட்டிவ்னு போன் வந்துச்சு. நீங்க இங்க நிக்கறீங்க?"

"அவளுக்குத்தானுங்க மேடம். எனக்கில்லீங்க."

"ஒரே ஊடுதானுங்களே?"

"நான் வெளித் தாழ்வாரத்துல படுத்துக்கறேனுங்க. உங்க சர்க்குலர நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். காய்ச்சல் இருந்தா வராதீங்கன்னுதான் போட்டிருக்குது. எனக்குக் காய்ச்சல் இல்லீங்களே."

அவர் சொன்னது சரி. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் வரக்கூடாது என்ற வரி என் சர்க்குலரில் இல்லை. தெரிந்த மில் ஒன்றின் சர்க்குலரைப் பார்த்து எழுதியபோது அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருக்கிறேன்.

அவர் வந்ததற்கு இன்னொரு காரணமும் நான்தான். ஒரு நாள்கூட லீவு போடாதவர்களின் பெயரை கேட் பக்கத்தில் ஒரு போர்டில் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். பதினோரு வருஷமாக அதில் முதல் பெயர் துரைசாமி. சொந்த மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை அனுப்பிவிட்டு செகண்ட் ஷிப்டுக்கு வந்த மனிதர். ஆயுத பூஜை மேடையில் அதைச் சொல்லி நானே கைதட்டியிருக்கிறேன்.

எம்.டி. கேட்ட கேள்வி

நேராக எம்.டி.யிடம் போனேன். மோசமான மனிதர் அல்ல. அப்பா ஆரம்பித்த ஒர்க்‌ஷாப்பைக் கம்பெனியாக வளர்த்தவர்.

"வெள்ளிக்கெழம லாரி வருதுங்க மேடம்" என்றார். "வடக்கத்தி ஆர்டர். டெஸ்ட் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடறவரு அவரு ஒருத்தர்தான். ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா என்னங்க பண்றது? ரூல்ஸ் என்ன சொல்லுதுங்க?"

"ஊட்டுல இருக்கோணும்னுதானுங்க சொல்லுது."

அவர் நெற்றியைத் தேய்த்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காத ஒரு யோசனையை நானே சொன்னேன்.

"பழைய பேட்டர்ன் ஸ்டோர் சும்மாதானுங்க கெடக்குது. அதுல தனியா வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லிரலாமுங்க. யாரும் உள்ள போக வேண்டியதில்லீங்க."

எம்.டி. என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படிப் பண்றது சரிங்களா? நீங்க சரின்னா சரி."

"சரி பண்ணிக்கலாமுங்க" என்றேன்.

மதியத்துக்குள், ஒரு காலத்தில் வார்ப்பு அச்சுகள் வைத்திருந்த அந்தப் பேட்டர்ன் ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கி, கரண்ட் இழுத்து, சின்டெக்ஸ் தொட்டி வைத்தோம். ஒருவரைத் தனிமைப்படுத்த ஆறு பேர் வேலை செய்தார்கள். கதவில் 'தனிமைப் பகுதி, உள்ளே வராதீர்' என்று நானே எழுதி ஒட்டினேன். மஸ்டரில் ஆஜர் போடுவதா, லீவு போடுவதா என்று குழம்பி, 'ஐசோலேஷன் டூட்டி' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினேன். சுகாதாரத் துறைப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஆளு தனியாத்தானுங்க இருக்காரு" என்றேன். அந்த அம்மாள் நன்றி சொன்னார்.

மூன்றாம் நாள்

டெஸ்டிங்குக்குப் பம்புகளை டிராலியில் தள்ளிவருகிறவர் பெயர் ஆறுமுகம். ஐம்பத்து நாலு வயது, சுகர் உண்டு. என் ஏற்பாட்டின்படி அவர் பம்பைக் கதவுவரை கொண்டுவந்து வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் போய்விட வேண்டும். முதல் நாள் அப்படியே நடந்தது. ஆனால் டெஸ்டிங் பேயில் பம்பைத் தூக்கிவைக்க செயின் பிளாக் உண்டு. பேட்டர்ன் ஸ்டோரில் கிடையாது. அது என் நினைப்பில் வரவில்லை. முதுகு வலி தாங்காமல் துரைசாமி கூப்பிட, இரண்டாம் நாள் ஆறுமுகம் உள்ளே போய் மறுமுனையைப் பிடித்தார். கனம் தூக்கும்போது மூச்சு முட்டுகிறதென்று இருவரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார்கள். மதியம் கதவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொரியல் மட்டும் கைமாறியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு என் அறைவரை வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. மோட்டார் காயில் எரிகிறதென்று பம்ப் கம்பெனியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஓடினேன். எனக்கு முன்னால் ஆறுமுகம் உள்ளே பாய்ந்து மெயினை இறக்கியிருந்தார். ஒரு ஃபேஸ் போய் மோட்டார் புகைந்துகொண்டிருந்தது. துரைசாமி அதற்கு முதுகைக் காட்டியபடி ரீடிங் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க துரைசாமி, இப்படிக் கருகுது, உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் புகையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி ஒரு முறை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"வாசமே வரலீங்களே, மேடம்."

ஆறுமுகம் மெதுவாக இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். நகர வேண்டிய நேரம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு

எம்.டி.யிடம் கேட்காமலே இருவரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அவர்களோடு பழகியவர்களையும் அனுப்பினேன். டெஸ்டிங்கைப் பூட்டினேன். திங்கட்கிழமையே செய்திருக்கக்கூடிய காரியம் இது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எம்.டி. கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை வடக்கேயிருந்து போன் வந்தது. அங்கே எல்லாம் மூடியாகிவிட்டது, இறக்க ஆளில்லை, மறுபடி சொல்லும்வரை லாரி அனுப்ப வேண்டாம் என்றார்கள். பம்புகள் எங்கள் குடோனிலேயே கிடந்தன. அவற்றின் நடுவில் பூனை குட்டி போட்டது.

துரைசாமிக்கு லேசாக வந்து போனது. வீட்டிலிருந்து கூப்பிட்டார். "மேடம், எனக்கு ஆப்சென்ட் போட்டுப்போட்டீங்களா?"

"ஸ்பெஷல் லீவுங்க. முழுச் சம்பளம்."

"அப்ப போர்டுல பேரு?"

"இருக்குமுங்க."

பிறகு மெல்லக் கேட்டார். "ஆறுமுகத்துக்கு நான்தானுங்களா குடுத்துப்போட்டேன்?"

ஆறுமுகம் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் மூச்சுத் திணறல். ஆக்சிஜன் பெட்டுக்காக நானும் எம்.டி.யும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சினோம். கடைசியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடைத்தது. அவர் மனைவி பாப்பாத்தி போனில் அழவில்லை. "கம்பெனில எல்லாம் பாதுகாப்பா எழுதிப் போட்டிருக்காங்கன்னு சொல்லித்தானுங்க மேடம் தெனமும் வந்தாரு" என்றார்.

பத்தொன்பது நாள் கழித்து ஆறுமுகம் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்குள் சர்க்குலரைப் புதிதாக எழுதினேன். வீட்டில் யாருக்கு வந்தாலும் சம்பளத்தோடு லீவு என்று எம்.டி.யிடம் கையெழுத்து வாங்கினேன். கேட் பக்கத்துப் போர்டை நானே கழற்றினேன். துரைசாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆறுமுகம் வேலைக்கு வந்தார். டிராலி தள்ள முடியவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை கொடுத்தோம். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உடுங்க மேடம்" என்றார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார். "நீங்க என்ன பண்ணுவீங்க... மேல சொல்றதத்தானே செய்யோணும்."

என்னை விட்டுவிட அவர் திறந்த கதவு அது. பேசாமல் தலையாட்டி எழுந்து வந்திருக்கலாம்.

"மேல யாரும் சொல்லலீங்க, ஆறுமுகம். சரிங்களான்னு எங்கிட்டத்தான் கேட்டாங்க. நான்தான் சரின்னு சொன்னேன்."

அவர் வெகுநேரம் டோக்கன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படீங்களா" என்றார். அன்று அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

எச்.ஆர். வேலைக்கு வரும் பிள்ளைகளே, லேபர் சட்டமெல்லாம் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். ஆனால் உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி எப்போதாவது ஒரு நாள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்காகக் கொடுக்கப்படுகிறது. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உங்களைப் பார்க்கும்போது, "இல்லீங்க, கூடாதுங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. நான் புதன்கிழமைதான் சொன்னேன்.