வடக்குச் சுவருக்கு ஒரு வாஷ்

கோயிலைச் சுத்தம் செய்கிறேன் என்று எவன் சொன்னாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். குண்டடம் பக்கத்தில் உள்ள ஒரு சிவன் கோயிலின் வடக்குச் சுவர்தான் காரணம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன் நான். கல்யாண வீடியோ எடுப்பேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பனியன் கம்பெனிகளுக்குச் சாம்பிள் போட்டோ. இரண்டும் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்ததை யாரும் பார்க்கவும் இல்லை.

அந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். வடக்குச் சுவர் முழுக்கக் கல்வெட்டு. பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. விசாரித்த வரைக்கும் யாரும் படியெடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. கோயம்புத்தூரில் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருந்தார். தெளிவான படம் கொண்டுவந்தால் படித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் போனதோ பங்குனி மாத உச்சிப்பொழுது. சுவர் நிழலில் இருந்தது, ஓர் எழுத்துகூடக் கேமராவில் துலங்கவில்லை. வைகாசியில் சூரியன் வடக்கே நகர்ந்திருக்கும்; அந்த மாதக் காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழும்போது எடுத்தால்தான் உண்டு.

திருப்பணிக் கமிட்டித் தலைவர் திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். நேரில் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, வேலை ஆரம்பிக்கதுக்கு முன்னாடி வடக்குச் செவர மட்டும் ஒரு நாள் காலையில வீடியோ எடுத்துக்கிடுதேன்."

"அதுக்கென்னங்க, தாராளமா எடுங்க. நம்ம கோயிலு நாலு பேருக்குத் தெரியோணுமல்லங்க."

டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

சொன்ன நாளில் விடிந்ததும் போய் நின்றேன். வெயில் நான் நினைத்த மாதிரியே விழுந்திருந்தது. சுவர் வெளேரென்று இருந்தது. பக்கத்தில் மணலைக் காற்றோடு பீய்ச்சிக் கல்லைச் சுரண்டுகிற கம்ப்ரசர், மணல் மூட்டைகள். முகத்தில் பனியன் துணி சுற்றிய இரண்டு பேர் மேற்குச் சுவர்ப் பக்கம் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லைத் தடவிப் பார்த்தேன். அங்கங்கே பள்ளம் போல விரலில் பட்டது. எழுத்தா, வெறும் குழியா, சொல்ல முடியவில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்பிடீங்க? நீங்க எடுக்க வர்றீங்கன்னுதானுங்க இந்தச் செவுத்த மொதல்ல பண்ணச் சொன்னேன். நேத்தே முடிச்சுப்போட்டாங்க."

"கல்வெட்டு எங்க?"

"அந்தக் கறைங்களா? ஒரே வாஷ்ல போயிருச்சுங்க."

திருப்பூரில் கறையோடு எந்தப் பீஸையும் கேமரா முன்னால் வைக்கமாட்டார்கள். மருந்து பீய்ச்சுகிற கன் அடித்துக் கறையைப் போக்கி, அயர்ன் போட்டுத்தான் என்னிடம் தருவார்கள். கம்பெனியில் செய்வதை மனிதர் கோயிலிலும் செய்துவிட்டார். எனக்காகச் செய்திருக்கிறார்!

"கறையா? எழுத்துய்யா அது! எத்தனை தலைமுறைக்கு முந்தினதோ, மொத்தத்தையும் செரைச்சு வச்சிருக்கீய!"

"ஏனுங்க அண்ணாச்சி, காலங்காத்தாலயே அருவாளத் தூக்கறீங்க? உங்கூர்க்காரங்களே இப்பிடித்தானுங்க."

நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் வாடியது. நிஜமாகவே வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு வழி கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

"எழுத்துத்தானுங்களே வேணும்? என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க. கிரானைட்டுல வெட்டி அதே எடத்துல பதிச்சுப்போடலாமுங்க."

பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இனி எந்த வாத்தியாரைக் கூட்டி வந்தாலும் தெரியாது.

"சொல்லுங்க" என்றார் மறுபடியும். மேற்குப் பக்கம் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.