வத்தல்மலை இறக்கத்தில் சூடு நிற்காத டீசல் வண்டி

வத்தல்மலைக்கு எப்போது போகலாம், குளிர் எப்படி, டீசல் காரில் ஹீட்டர் போதுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, நானும் அக்காவும் அவளுடைய பழைய டீசல் காரில் போனோம். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்கு இருபது வருஷம் சொந்தமாகத் தக்காளி வண்டி ஓட்டியவள் அக்கா. பக்கத்திலேயே இருக்கிற இந்த மலையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "ஒனக்கு வீசிங் இருக்குது, குளிர்ல வேணாங்க்கா" என்றேன். "வண்டியில ஹீட்டர் எதுக்குடா வெச்சிருக்கறான், அழகுக்கா?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் யார் பேசுவது!

தர்மபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் முதல் முறை ஓட்டுபவர்கள் பகலிலேயே ஏறிவிடுங்கள். மூன்று மணிக்குக் கிளம்பி நாலேகாலுக்கு மேலே இருந்தோம். காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கோவிந்தன் வீட்டில் தங்கினோம். சாப்பாட்டோடு ஆயிரத்து இருநூறு ரூபாய். களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "இதுக்கா இவ்ளோ வெல!" என்று சிரித்தாள். அன்று முழுக்க நன்றாகத்தான் இருந்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. வெளியே பனி, எதிர் வீடு தெரியவில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். போர்வையைச் சுற்றி அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பினேன். ஹீட்டர் குமிழைக் கடைசிவரை திருப்பி ப்ளோயரை நாலில் வைத்தேன். ஐஸ் காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. இருமல் பிடித்துக்கொண்டு நிற்கவே இல்லை. பதறிப்போய் அணைத்தேன்.

"பத்து நிமிசம் சும்மா ஓட உடுங்க, சூடாயிரும்" என்றார் கோவிந்தன்.

அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "நிக்கற டீசல் வண்டி எங்கடா சூடாவும்... மேல ஏத்து."

"ஆஸ்பத்திரி கீழ இருக்குதுக்கா!"

"எறக்கத்துல இஞ்சினுக்கு வேலயே இல்ல. சூடு எங்கிருந்து வரும்? ஏத்தத்துல கொஞ்சம் போயிட்டுத் திரும்பு. சொன்னாக் கேளுடா."

கேட்டேன். ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இருக்க, தோட்டத்துக்கு மேலே போகும் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏற்றினேன். வெளிக்காற்று வராமல் பொத்தானை அமுக்கு என்றாள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அசையும்வரை ப்ளோயரைத் தொடாதே என்றாள். ஏழெட்டு நிமிடத்தில் முள் எழுந்தது. ப்ளோயரை ஒன்றில் வைத்ததும் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. இரண்டு கைகளையும் அதில் காட்டிக்கொண்டு, "பாத்தியா?" என்றாள். இழுப்பு தணிந்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று வண்டியைத் திருப்பினேன்.

ஐந்தாறு வளைவு இறங்குவதற்குள் முள் விழுந்துவிட்டது. மறுபடி குளிர்க்காற்று. அணைத்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். விரட்டிப் போகவும் முடியாத பாதை. ஐயோ, அந்த இறக்கம் யாருக்கும் வரக் கூடாது. பக்கத்தில் அவள் நெஞ்சு விசிலடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அடிவாரம் தாண்டிச் சமதரையில் கொஞ்ச தூரம் ஓடியதும் சூடு திரும்ப வந்தது. அதற்குள் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின் வண்டியை அவளுடைய மெக்கானிக்கிடம் விட்டேன். "தெர்மோஸ்டாட்டு இல்லீங்களே. போன வெயில்ல இஞ்சின் ஓவரா சூடாவுதுன்னு அக்காதான் கழட்டச் சொன்னாங்க" என்றார். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. வெயிலுக்குப் பயந்து நம் பக்கத்தில் பல பேர் கழற்றிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஏற்றத்தில் சேர்ந்த சூடு இறக்கத்தில் நிற்காது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே ஞாபகம் வரும்!

ஆகவே, குளிர்காலத்தில் டீசல் வண்டியில் மலைக்குப் போகிறவர்கள் முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்துச் சூடேற்றாதீர்கள். நேரமும் டீசலும்தான் வீண். மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். முள் எழுந்தபின் ப்ளோயரைக் குறைவாக வையுங்கள். கண்ணாடி மங்கினால் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களை ஹீட்டரை நம்பி ராத்தங்க வைக்காதீர்கள். பகலில் போய்ப் பார்த்துவிட்டு, வெயில் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

அந்த இருபது நிமிடம் மேலே போகாமல் நேராக இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா? சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "மேல எதுக்குடா ஏத்துன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் யாரைக் கேட்பது? வண்டி விஷயத்தில் எது சரி, எது தப்பு என்று அக்காவைத் தவிர நான் யாரையும் கேட்டதே இல்லை.