கதண்டுக் கூட்டுக்கு நான் வைத்த தீ

எழுபதுகளின் கடைசியில், ஆரணி பக்கத்து முள்ளிப்பட்டில் நடந்தது இது. பக்கத்து வீட்டு பவுனம்மாவின் புங்கமரத்தில் கதண்டுகள், அந்த விஷக் குளவிகள், கூடு கட்டியிருந்தன. மரப்பட்டையை மென்று மென்றே அதைப் பானை அளவுக்கு வளர்த்துவிட்டிருந்தன. கொளுத்தச் சொல்லி ஒரு வாரமாகச் சண்டை போட்டேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

"அது பாட்டுக்கு கட்டிகினு கீது. நாம சீண்டலைன்னா அது ஏண்ணே நம்மள கொட்டப் போவுது?" என்பாள்.

அன்று காலை, தறியில் ஏற்றுவதற்காக என் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தோம். யார் வீட்டுப் பாவு என்றாலும், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து கை கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். ஒரு முனையைக் கல்தூணில் கட்டியிருந்தோம்; பவுனம்மாவும் வந்து மறுமுனைக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள். நான் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தபோது, பிடரியில் ஒரு கதண்டு கொட்டியது. எனக்கு வெறி பிடித்தது. மூங்கில் நுனியில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தி, கூட்டுக்குள் குத்தினேன்.

"வேணாண்ணே!" என்று அவள் கத்தியது கேட்டது.

கூடு பிளந்து கதண்டுகள் தெருவை மூடின. எல்லோரும் ஓடினார்கள். முதலில் ஓடிக் கதவைத் தாழிட்டவன் நான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். முகமே தெரியாமல் கதண்டு மொய்த்தும், அவள் மட்டும் கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் என் பட்டு மொத்தமும் புழுதியில் விழுந்து சிக்கியிருக்கும். தடுமாறிப் போய் அதைத் தன் பக்கத்துக் கல்தூணில் கட்டிவிட்டுத்தான் விழுந்தாள். அப்போதும் நான் கதவைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

அந்தக் களேபரத்தில் பாவில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அதை நான்தான் நெய்து முடித்தேன். அன்றிலிருந்து பகலில் தெருக்கதவைத் தாழிடுவதே இல்லை.