கோட்டு வேண்டாம் என்று எழுதியவன்

திருகோணமலையில் மீன்வள மாநாடு ஒன்று நடந்தபோது நான் துறைமுகத்தடி அலுவலகம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். வெளிநாட்டு விருந்தினருக்கு ஆலோசனைத் தாள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. உற்சாகமாக எழுதினேன். கோட்டும் டையும் வேண்டாம், மெல்லிய பருத்தி உடுப்பே போதும். நடுப்பகலில் குடையில்லாமல் இறங்காதீர்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் மான்கள் திரியும்; கிட்ட வந்தால் கையிலுள்ள கடதாசியை ஒளித்துவிடுங்கள், தின்றுவிடும்.

மாநாட்டன்று காலை, குளிர் நாட்டு விஞ்ஞானி ஒருவர் அந்தத் தாளை அப்படியே நம்பி, இடுப்பில் சாரம் கட்டி, அரைக்கைச் சேட்டுப் போட்டு, குடையோடு மண்டபத்துக்குள் வந்தார். உள்ளே நாங்கள் எல்லாரும் கோட்டும் டையுமாக வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தோம்.

"இதை எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் மேலதிகாரி என்னைக் காட்டினார்.

"பிறகு நீங்கள் ஏன் கோட்டுப் போட்டிருக்கிறீர்கள்?"

"அது விருந்தாளிகளுக்கு எழுதினது, ஐயா."

அவர் கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். மேலதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கோட்டைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். நான் மட்டும் அசையவில்லை.

பக்கத்திலிருந்த தட்டச்சுக்காரி மெதுவாகச் சொன்னார். "நீங்களும் கழற்றுங்கோவன்."

"ஏலாது. உள்ளுக்குச் சேட்டு முதுகில கிழிஞ்சிருக்கு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேசை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.